மூன்று நாள் நட்சத்திரம்

வாசலில் கோலம் போட்டால் வீட்டுக்குள் லட்சுமி வருவாள் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்புகிறார்கள். நானும் நம்பியிருக்கிறேன். கல்யாணமாகி அவனியாபுரத்துக்கு வந்த நாளிலிருந்து விடிவதற்குள் எழுந்து, வாசல் தெளித்து, புள்ளி வைத்து, இடுப்பு விட்டுப்போகும் வரை குனிந்து இழுத்திருக்கிறேன். லட்சுமி வந்தாளா என்று எனக்குத் தெரியாது. என் கோலத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது எதிர்வீட்டு அக்காதான். வந்தவர் கூடத்தோடு நிற்கவில்லை. என் அடிவயிறு வரைக்கும் வந்தார்.

இதையெல்லாம் எழுதுவது நாகரிகமா என்று யாராவது முகம் சுளிக்கலாம். ஏழு வருடம் ஒரு தெருவே என் உடம்புக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தது நாகரிகம் என்றால், இதுவும் நாகரிகம்தான்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், கணவர், அவருடைய அம்மா. கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. எனக்கு டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே எழுத்துப் பலகையை எரியவிட்டு, எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று கேட்டு பவர் பார்ப்பேன். அத்தை அலங்காநல்லூர்ப் பக்கம் நாற்று நட்டும் களை எடுத்தும் பிள்ளையை வளர்த்தவர். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார், அவ்வளவுதான்.

மாதத்தில் மூன்று நாள் நான் கோலப்பொடி டப்பாவைத் தொடக் கூடாது என்பது வந்த புதிதில் அத்தை சொன்ன சட்டம். மற்றதெல்லாம் காலத்துக்கேற்பத் தளர்ந்துவிட்டது. சமைக்கலாம், பஸ் ஏறலாம், கடைக்குப் போய் ஊரார் மூக்கிலெல்லாம் கண்ணாடி மாட்டலாம். குழாயில் தண்ணீர் பிடித்துக் குடம் குடமாகச் சுமக்கலாம். அதற்கு எந்தக் காலத்திலும் தடை இருந்ததில்லை. கோலப்பொடியை மட்டும் தொட்டால் லட்சுமி திரும்பிப் போய்விடுவாளாம். கனமான வேலை எதற்கும் கோபித்துக்கொள்ளாத லட்சுமி, இரண்டு விரலில் எடுக்கிற பொடிக்கு மட்டும் ஏன் கோபித்துக்கொள்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த மூன்று நாளும் அத்தை போடுவார். அவருக்குத் தெரிந்த கோலம் ஒன்றே ஒன்று. நேராக ஒரு முக்கோணம், அதன் மேல் தலைகீழாக ஒரு முக்கோணம், நடுவில் ஒரு பொட்டு. ஆறு முனை நட்சத்திரம். போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு நான் என் சிக்குக் கோலத்துக்குத் திரும்புவேன். பதினைந்து புள்ளி வைத்து, ஒரே கம்பியாகப் புள்ளிகளைச் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்ப்பது எனக்குப் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பிடிக்கும். அந்தக் கால் மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

நட்சத்திரம் போட்ட நாள் எனக்கு ஓய்வு நாள். அப்படித்தான் நினைத்திருந்தேன். அது எதிர்ச்சாரிக்கும் பக்கத்துச்சாரிக்கும் எங்கள் வீட்டிலிருந்து மாதாமாதம் போகும் செய்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன வருடம் ஆனி மாதம் அத்தைக்குக் கண்புரை எடுத்தோம். கண்டுபிடித்ததே நான்தான். அரிசியில் கல் பொறுக்கும்போது தட்டை மூக்கருகே கொண்டுபோனார். மறுநாளே கடைக்குக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டினேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். ஒரு கண்ணை ஆனியிலும் இன்னொரு கண்ணை ஆடியிலும் செய்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து விட வேண்டும், சொல்லும்வரை தலையைத் தாழ்த்திக் குனியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் கண் செய்த அடுத்த வாரம் எனக்குத் தூரமானது. விடியலில் வாசல் தெளித்துவிட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தையை எழுப்ப முடியாது. எழுப்பினால் கண்ணாவது ஒன்றாவது என்று குனிந்து போட்டுவிடுவார். வாசலை வெறுமையாக விடவும் முடியாது. எங்கள் தெருவில் வெறும் வாசல் என்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். எட்டு மணிக்குள் நான்கு பேர் துக்கம் கேட்க வந்துவிடுவார்கள். டப்பாவை எடுத்தேன். முதல் வளைவு கோணியது. பிறகு சரியாகிவிட்டது. கூரை இடிந்து விழவில்லை. பால்காரர் வந்தார், பால் திரியவில்லை. இரண்டாம் நாள் வயிற்றுவலியோடு இன்னும் பெரிதாகப் போட்டேன். அடுத்த மாதமும் அப்படியே. அத்தையிடம் சொல்லவில்லை. சொல்லி, அவர் வருத்தப்பட்டு, நான் சமாதானம் சொல்லி, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அத்தை மாறினார். நான் குடத்தைத் தூக்கினால், தம் மகனைக் கூப்பிட்டு வாங்கச் சொன்னார். கொல்லையில் பழுத்த பப்பாளியை யாருக்கோ கொடுத்தனுப்பினார். காலையில் எனக்கென்று ஒரு டம்ளர் பால் தனியாக மூடிவைத்திருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து போ என்றார். கண்ணுக்கு வைத்தியம் பார்த்த நன்றி என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். ஏழு வருடத்தில் முதல் முறையாக மகளைப் போல நடத்துகிறார் என்று என் அம்மாவுக்குப் போன் போட்டு வேறு சொன்னேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்.

ஆடி முடியும் சமயம் எதிர்வீட்டு அக்கா குழாயடியில் என் கையிலிருந்த குடத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். எங்கள் தெருவில் நல்லது கெட்டது எதற்கும் முதலில் நிற்பவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். குரலைத் தாழ்த்தி, கண்ணெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்:

“என்ன தங்கச்சி, ரெண்டு மாசமா ஒங்க வாசல்ல நட்சத்திரத்தக் காணோம்?”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டது. பின்னால் நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், வாழ்த்துகிற சிரிப்பு. ஆக, இவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஏழு வருடமாக ஒவ்வொரு மாதமும் என் வாசலைப் பார்த்து, இந்த மாதமும் இல்லை, இந்த மாதமும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இவர்கள் பால் வாங்கியிருக்கிறார்கள், பல் விளக்கியிருக்கிறார்கள். இந்த அக்காவுக்குப் பவர் பார்த்ததே நான்தான். பக்கத்தில் வைத்தால் எழுத்தே தெரியாத கண். ஊசியில் நூல் கோர்க்க என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் வாசலில் எந்தக் கை கோலம் போட்டது என்பது மட்டும் பிசகாமல் தெரிந்திருக்கிறது.

அன்று கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. பழைய நாட்களெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு மாதம் தள்ளிப்போய், பிறகு கலைந்துவிட்டது. கணவரைத் தவிர யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை, என் அம்மாவிடம்கூட. வயிற்றில் ஏதோ கோளாறு என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அத்தை வழக்கம்போல நட்சத்திரம் போட்டார். அந்த வாரம் இந்த அக்கா பூண்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். என்ன பிரியம் என்று அன்றைக்கு நினைத்தேன். பிரியமாகவும் இருந்திருக்கலாம். நான் சொல்லாததைப் படித்துவிட்டுத் தந்த பிரியம். அந்தக் குழம்பின் ருசி நான்கு வருடம் கழித்து, மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டிருக்கும்போது எனக்குக் கசந்தது.

குழாயடியிலேயே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பல தடவை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். இல்லை என்றால், அப்படியானால் அந்த நாட்களில் போட்டது யார் என்று கேள்வி வரும். தூரத்தோடு வாசலில் கோலம் போட்டவள் என்று பெயர் வரும். அந்தப் பெயர் எனக்கு வந்தால் பரவாயில்லை, அத்தைக்கும் வரும். அதனால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெட்கப்பட்டவளைப் போலச் சிரித்துவிட்டு வந்தேன். என் தப்பு அது. அந்தச் சிரிப்பைத்தான் அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. டீக்கடையில் தன்னிடமும் இரண்டு பேர், மாப்ள, இனிப்பு எப்போ என்று கேட்டார்களாம். என்ன சொன்னீர்கள் என்றேன். பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்களுக்குத்தான் உண்மை தெரியுமே, இல்லையென்று சொல்ல வாய் வரவில்லையா என்று கத்தினேன். பட்டறை மசி ஒட்டிய நகத்தைச் சுரண்டிக்கொண்டே அவர் சொன்னார்:

“சொல்லணும்னுதான் நெனச்சேன். ரெண்டு நிமிசம் நல்லா இருந்துச்சு. அதான்.”

அதற்கு மேல் அவரிடம் கோபப்பட என்னால் முடியவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துத் தெருவின் மேல் வைத்துக்கொண்டேன்.

அத்தையும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. பப்பாளி, பால், ஷேர் ஆட்டோ எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. தூரமானால் நான் வந்து, அத்தை, இன்னைக்கு நீங்க போடுங்க என்று சொல்வது வழக்கம். இரண்டு மாதமாக நான் சொல்லவில்லை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கண் பட்டுவிடும் என்று பயந்து வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வேளையும் மருந்துப் புட்டியோடு போய் நிற்பேன். மோவாயை உயர்த்தி, கண்ணைத் திறந்து, நம்பிக்கையோடு காத்திருக்கும் அந்த முகத்தைப் பார்த்ததும் மருந்தை மட்டும் விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஆவணியில் கிருஷ்ண ஜெயந்தி வந்தது. எங்கள் தெருவில் அன்று சாயங்காலம் வாசலிலிருந்து சாமி படம் வரைக்கும் குழந்தைக் கிருஷ்ணனின் பாதம் போடுவார்கள். அரிசி மாவைக் கரைத்து, கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை அதில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் ஒரு குட்டிப் பாதம் விழும். மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் விரல்கள். இடம், வலம், இடம், வலம் என்று ஒரு பிள்ளை தத்தித் தத்தி வீட்டுக்குள் நடந்து வந்த மாதிரி இருக்கும்.

முந்தின நாள்தான் எனக்குத் தூரமாகியிருந்தது. காலையில் சிக்குக் கோலம் போட்டாகிவிட்டது. பாதத்தைப் போடாமல் தப்பித்துவிடலாம் என்று கடையில் வேலை அதிகம் என்று சொல்லித் தாமதமாக வந்தேன். வந்து பார்த்தால் அத்தை மாவை அரைத்துக் கிண்ணத்தில் தயாராக வைத்திருந்தார். நடுக்கூடத்தில் எதிர்வீட்டு அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் சீடைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், மெதுவாகச் சொன்னார்:

“இந்த வருசம் நல்லா அழுத்திப் போடு தாயி. பாதம் தெளிவா விழட்டும்.”

நான் வாசலில் மண்டி போட்டேன். முதல் பாதம். இரண்டாவது பாதம். வயிறு இழுத்துப் பிடித்தது, இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. என் தலைக்கு மேலே பேச்சு நடந்துகொண்டிருந்தது. குனியும்போது பார்த்துக் குனி என்றார் ஒருவர். முகத்தில் களை வந்துவிட்டது, நான் அன்றைக்கே சொன்னேன் என்றார் இன்னொருவர். ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டினார்கள். அடுத்த வருடம் இந்தப் பாதத்துக்கு மாவு தோய்க்க வேண்டியதில்லை, சொந்தக் காலே நடந்துவிடும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னபோது நான் நிலைப்படியைத் தாண்டி ஏழாவது பாதத்தில் இருந்தேன். ஐந்து பொட்டில் மூன்று வைத்திருந்தேன். கை அப்படியே நின்றது.

எழுந்து நின்றேன். மாவு முழங்கை வரை வழிந்தது.

“எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாளு. போன மாசமும் வந்துச்சு, அதுக்கு முந்தின மாசமும் வந்துச்சு. அத்த குனியக் கூடாதுன்னு நாந்தான் கோலம் போட்டேன். எம்புட்டு நாளா எண்ணுறீங்க நீங்கள்லாம்? ஒங்க வாசலப் பாத்து நான் என்னைக்காவது எண்ணுனேனா?”

சொல்லி முடித்ததும் நான் யாரைப் பார்த்துக் கத்தினேனோ அவர் முகத்தை அல்ல, அத்தையின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். காதில் சரியாக உட்காராமல் இரண்டு தடவை மாட்டினார். அந்த நிமிடம் என் வாயை நானே கிழித்துக்கொண்டிருக்கலாம் என்று இருந்தது. அதோடு, சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியும் இருந்தது. இரண்டும் உண்மை.

எதிர்வீட்டு அக்காதான் முதலில் எழுந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. தப்பாக எதுவும் நினைத்துச் செய்யவில்லை என்று முணுமுணுத்தார். பிறகு பழக்கம் விடவில்லை. அத்தை பக்கம் திரும்பி, போனது போகட்டும், சாமி விசயம், இதை ஒரு துணியால் துடைத்துவிட்டு நான் கை நனைத்து மறுபடி போட்டுத் தருகிறேன், அஞ்சு நிமிட வேலை என்றார். துணியைத் தேடி வாசல் பக்கம் நகரவும் செய்தார்.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாதத்துக்கும் அந்த அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றார். அத்தை கோபத்தில் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் குரல் உயரவில்லை.

“மிதிக்காமப் போங்க. இன்னும் காயல.”

நான்கு பேரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகக் கால் வைத்து, ஏழு பாதத்தையும் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். சீடைத் தட்டு கூடத்திலேயே கிடந்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல், ஏழாவது பாதத்துக்கு மீதி இரண்டு விரலையும் வைத்தேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மேலே போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. சாமி படம் வரைக்கும் போட்டு முடித்துக் கை கழுவினேன்.

சொட்டு மருந்துக்கு நேரமாகியிருந்தது. புட்டியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போனேன். தூரத்தோடு பாதம் போட்டதற்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதில் சொல்லவும் தயாராக இருந்தேன். ஏழு வருடத்துக் கோபமும் நாக்கில்தான் இருந்தது. அத்தை கண்ணாடியைக் கழற்றி மோவாயை உயர்த்தினார். இரண்டு கண்ணிலும் விட்டேன். மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு பேசினார்.

“நீ அந்த மூணு நாளும் படுத்திருப்ப. நாந்தான வாசல்ல குனிவேன். ஏழு வருசமா மாசாமாசம், இல்ல இல்லன்னு என் கையால நானே எழுதி ஊருக்குக் காட்டுனேன். அந்தப் பொட்ட வைக்கிறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு நீ என்னைக்காச்சும் கேட்டியா?”

நான் கேட்டதில்லை. தெருவைப் பார்த்து அத்தனை கேள்வி கேட்டவள், ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இதைக் கேட்டதே இல்லை. புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றேன்.

“நாளைக்கும் நீயே போட்ரு,” என்றார் அத்தை. “எனக்கு வேணாம் அந்த நட்சத்திரம்.”